எடுத்துக்கொண்டால் சம்மதம்: பர்மிய வெற்றிலைப் பெட்டியின் கதை

போன நவராத்திரிக்கு நம் குடியிருப்பில் கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் நீங்கள் ஒரு சுற்றுப் போயிருந்தால், மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் எந்தப் பெட்டியிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தார்கள் என்று கவனித்திருப்பீர்கள். எவர்சில்வர் தட்டு இல்லை, பித்தளைச் செல்லமும் இல்லை. ஒரு சாண் உயரத்தில், உருளை வடிவத்தில், கறுப்பும் சிவப்புமாக ஒரு பெட்டி. அதைச் சுற்றிலும் மயிரிழை போன்ற கோடுகளில் யானை, புலி, மனிதர்கள். எங்களுடன் வந்த ஒரு குழந்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டது. அவ்வளவு லேசாக இருந்தது.

அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "மூங்கில்டா கண்ணா, பர்மாவுல இருந்து வந்தது" என்றார். அவருடைய மாமியார் 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது கையோடு கொண்டுவந்த சில சாமான்களில் அதுவும் ஒன்றாம். நகையும் பணமும் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அப்படி இருந்தும் ஒரு வெற்றிலைப் பெட்டியை ஏன் தூக்கி வந்தார்கள் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. "என் பேரைப் போடாதீங்க, பெட்டியைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே இந்த இதழில் பெட்டியைப் பற்றி மட்டும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

பர்மிய மொழியில் இதற்குக் 'குன்-இட்' என்று பெயர். 'குன்' என்றால் வெற்றிலை. நம் பாட்டிமார் வைத்திருந்த வெற்றிலைச் செல்லத்தின் பர்மியச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூடி, டப்பா மூடியைப் போல மேலே மட்டும் உட்காருவதில்லை. ஏறத்தாழ அடிவரை இறங்கி, உள்பெட்டியை ஓர் உறைபோல மூடிக்கொள்ளும். அதைக் கழற்றினால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் இருக்கும். அடியில் வெற்றிலை. மேல்தட்டுகளில் சுண்ணாம்புச் சிமிழ், சீவிய பாக்கு, காசுக்கட்டி, கிராம்பு, ஏலக்காய், புகையிலை என்று அவரவர் வசதிப்படி.

பழைய பர்மிய வீட்டுக்கு ஒருவர் போனால் முதலில் பாய் விரிப்பார்கள். உட்கார்ந்ததும் இந்தப் பெட்டி முன்னால் வந்துவிடும். பக்கத்திலேயே எச்சில் துப்பப் படிக்கம். வந்தவர் ஏழையா, பணக்காரரா, எதற்காக வந்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகுதான். பெட்டியைத் திறந்து, தனக்கு வேண்டியதை எடுத்து, வெற்றிலையை மடித்து வாயில் போடும் வரை யாரும் அவசரப்படுவதில்லை. கடன் கேட்க வந்தவருக்கும் பெண் கேட்க வந்தவருக்கும் பேச்சைத் தொடங்க அந்தச் சில நிமிடங்கள் உதவியிருக்கும்.

அரக்கு அல்ல, மரத்தின் பால்

இதை நம்மில் பலர் 'அரக்குச் சாமான்' என்று சொல்கிறோம். அது சரியல்ல. நமக்குத் தெரிந்த அரக்கு, மரக்கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரப்பது. கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மைகளின் பளபளப்பு அதிலிருந்து வருவதுதான். 'லேக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம் நாட்டு 'லாக்'கிலிருந்து பிறந்ததே. ஆனால் பர்மியப் பெட்டியில் பூசியிருப்பது ஒரு மரத்தின் பால். அதற்குத் 'தித்சி' என்று பெயர். அந்த மரம் பர்மாவின் ஷான் மலைப்பகுதிக் காடுகளில் தானாக வளர்கிறது. பட்டையில் 'வி' வடிவத்தில் கீறி, கீழே மூங்கில் குழாயைச் செருகி, வடியும் பாலைச் சேகரிப்பார்கள். வரும்போது வெளிறிய நிறத்தில் இருக்கும் பால், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும்.

தாவர இயலில் இந்த மரம் மாமரமும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்துக் கை வெந்துபோன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், தித்சியின் குணமும் புரியும். ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளிக்கும். இறுகிய பிறகோ தண்ணீர் புகாது, பூச்சி அரிக்காது, புளிப்பான பொருளை வைத்தால் பித்தளையைப் போலக் களிம்பும் ஏறாது. பாலும் தேயிலையும் வெற்றிலையும் புழங்கும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்முறைதான் உங்களை ஆச்சரியப்படுத்தும். மூங்கிலை மெல்லிய நார்களாகச் சீவி, மர அச்சின் மேல் சுற்றியோ பின்னியோ கூடு கட்டுகிறார்கள். மிக உயர்ந்த கிண்ணங்களுக்கு மூங்கில் நாரோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவார்கள். அப்படிச் செய்த கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் எதிரெதிர் ஓரங்கள் ஒன்றையொன்று தொடும். விட்டால் விரிசல் இல்லாமல் பழைய வட்டத்துக்கே திரும்பிவிடும்.

கூட்டின் மேல் முதல் பூச்சு. பிறகு அதை நிலவறையில் வைக்கிறார்கள். இதை வெயிலில் காயவைக்க முடியாது. தித்சி இறுகுவதற்கு ஈரக்காற்று வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். அடுத்து தித்சியோடு சாம்பல் கலந்த பசையைப் பூசி மூங்கிலின் மேடுபள்ளத்தை நிரப்புவார்கள். மீண்டும் நிலவறை. பிறகு கடைசலில் வைத்துத் தேய்ப்பு. மீண்டும் பூச்சு. இப்படி ஏழு பூச்சு, சில சமயம் அதற்கும் மேலே.

கடைசியில் சித்திரம். கூர்மையான இரும்பு எழுத்தாணியால் பளபளக்கும் பரப்பில் கைபோன போக்கில் கீறுகிறார்கள். பகானின் பட்டறைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்வதைப் பார்க்கலாம். கீறிய பிறகு முழுப் பெட்டியிலும் சிவப்பைத் தேய்த்துத் துடைத்தால், கோடுகளுக்குள் மட்டும் சிவப்பு தங்கும். அது இறுகியதும் பச்சைக்காக மறுபடி கீறல், அப்புறம் மஞ்சளுக்காக. ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி காத்திருப்பு. நல்ல பெட்டி ஒன்று முடிய ஆறு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

பெயரில் இருக்கும் வரலாறு

பர்மியர்கள் லேக்கர் சாமானை 'யுன்' என்கிறார்கள். அதே சொல்தான் இன்றைய வடதாய்லாந்தின் சியாங்மாய் பகுதி மக்களுக்கும் அவர்கள் வைத்த பெயர். பர்மிய மன்னர் பயின்னௌங் 1558-இல் சியாங்மாயைப் பிடித்தார். அக்காலத்து வழக்கப்படி, தோற்ற நாட்டின் கைவினைஞர்கள் வென்ற நாட்டுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். கீறிச் சித்திரம் போடும் கலை அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. லேக்கர் பூசும் பழக்கம் பர்மாவில் அதற்கு முன்பே இருந்தது. படையெடுப்பு முடிந்துபோய் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும், விருந்தினர் முன் வைக்கும் பெட்டியின் பெயரில் அந்த நினைவு மிச்சம் இருக்கிறது.

இந்தக் கலையின் தலைமையிடம் ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள பகான். குறிப்பாக அதன் தெற்கே உள்ள மியின்கபா கிராமம். அந்தப் பக்கத்தில் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பகானுக்குச் சற்றுத் தெற்கே 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், 'புக்கம்' என்ற பகானில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததாக அது சொல்கிறது. நம்மூர் வணிகர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விருந்தினராக இருந்திருக்கிறார்கள்.

சித்திரம் இல்லாத, வெறும் கறுப்புப் பூச்சு மட்டும் உள்ள பாத்திரங்களுக்கு மோன்யுவா நகருக்குப் பக்கத்தில் உள்ள சௌக்கா கிராமம் பெயர் பெற்றது. அன்றாடச் சமையலறைக்கு அது. விருந்தினருக்குப் பகான் பெட்டி.

ஒரு பிடி தேயிலையில் முடிந்த வழக்கு

வெற்றிலைப் பெட்டிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 'லப்பெட் ஓக்' என்ற, உள்ளே அறை அறையாகத் தடுத்த வட்டமான லேக்கர் பெட்டி. லப்பெட் என்றால் ஊறவைத்த தேயிலை. நாம் தேயிலையைக் குடிக்கிறோம். பர்மியர்கள் அதைக் குடிப்பதோடு சாப்பிடவும் செய்கிறார்கள். ஷான் மலையில் பறித்த இளந்தளிரை ஆவியில் வேகவைத்து, இறுக்கமாக அடைத்து, மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். அதை எண்ணெய் விட்டுப் பிசைந்து நடு அறையில் வைத்து, சுற்றிலும் வறுத்த எள், வேர்க்கடலை, பொரித்த பூண்டு, பட்டாணி, காய்ந்த இறால் என்று வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். எல்லோரும் ஒரே பெட்டியிலிருந்து.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது வெறும் நொறுக்குத்தீனி அல்ல, அதற்கு ஒரு பொருள் இருந்தது.

பையன்களைச் சிறு வயதில் மடத்தில் சேர்த்துத் துறவுக்கோலம் பூண வைக்கும் சடங்கு பர்மியக் குடும்பங்களில் மிக முக்கியமானது. அதற்கு அழைப்பிதழ் அச்சடிக்காத காலத்தில் வீடு வீடாக லப்பெட் பெட்டியோடு போய் அழைப்பார்கள். அந்த வீட்டார் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் 'வருகிறோம்' என்று சொன்னதாக அர்த்தம். நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது நினைவுக்கு வருகிறதா? நிச்சயதாம்பூலத்தில் தட்டு மாற்றினால் வாக்குக் கொடுத்தாயிற்று என்பதும் இதே கணக்குதான்.

அதைவிடப் பெரிய வேலையும் அந்தத் தேயிலைக்கு இருந்தது. மன்னராட்சிக் காலத்தில் சொத்து, கடன், எல்லைத் தகராறு போன்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்லி முடித்ததும் இரு தரப்பார் முன்னும் லப்பெட் வைக்கப்படும். இருவரும் எடுத்துச் சாப்பிட்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள், வழக்கு முடிந்தது. ஒருவர் கை நீட்டவில்லை என்றால் அவர் ஏற்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்குப் பதில் ஒரு பிடி தேயிலை. பகையாக இருந்த அரசுகள் சமாதானம் பேசும்போதும் லப்பெட் பரிமாறிக்கொண்டதாகப் பர்மிய மரபு சொல்கிறது.

தோற்றவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தை இழந்தவர், தன்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டவரோடு உட்கார்ந்து, எல்லோர் முன்னிலையிலும் சாப்பிட வேண்டும். ஆனால் மறுநாள் காலை இருவரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். தீர்ப்பு மட்டும் இருந்தால் போதாது, அதன் பிறகு பக்கத்துப் பக்கத்தில் வாழவும் ஒரு வழி வேண்டும் என்று அந்தச் சமூகம் நினைத்திருக்கிறது.

மடத்துக்கும் அரண்மனைக்கும்

பர்மிய வீட்டுக்கு எல்லா விருந்தினரிலும் பெரியவர் பௌத்தத் துறவி. அவருக்கு உணவு கொண்டுபோக 'ஹ்சுன்-ஓக்' என்ற தனிப் பாத்திரம். கோபுரம் போல நீண்டு கூரிய முடி, செக்கச்சிவந்த பூச்சு. சிலவற்றில் தங்க ரேக்கும் கண்ணாடித் துண்டுகளும் பதித்திருக்கும். தலையில் சுமந்து மடத்துக்குப் போகும் பெண்களைப் பழைய புகைப்படங்களில் காணலாம்.

அரண்மனையில் வெற்றிலைப் பெட்டி அதிகாரத்தின் அடையாளம். யார் எந்தப் பொருளில், எந்த அலங்காரத்தோடு பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் குடையைப் போலவே கண்டிப்பான விதிகள் இருந்தன. தங்கம் எல்லோருக்கும் உரியதல்ல. குடிமக்களுக்கு மூங்கிலும் தித்சியும்தான். கடைசி மன்னர் தீபாவிடம் ஹின்தா பறவை வடிவில் மாணிக்கம் பதித்த தங்க வெற்றிலைப் பேழை இருந்தது. ஹின்தா என்பது நம் அன்னம்தான், 'ஹம்சம்' என்ற சொல்லின் பர்மிய வடிவம்.

1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாந்தலேயைப் பிடித்தார்கள். தீபாவைக் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி முதலில் நம் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1916-இல் இறந்தார். அரச சின்னங்கள் லண்டனுக்குப் போய், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்தன. சுதந்திர பர்மாவுக்கு அவை 1964-இல் திருப்பித் தரப்பட்டபோது, இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்ததற்காக அந்த அன்ன வடிவப் பேழையை மட்டும் பர்மிய அரசு அதே அருங்காட்சியகத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. பறித்துக்கொண்டு போனவர்களுக்கே வெற்றிலைப் பேழையைத் தாம்பூலமாகக் கொடுத்து அனுப்பியது போல இருக்கிறது. பெருந்தன்மையா, இராஜதந்திரமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்றைக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1924-இல் பகானில் லேக்கர் கலைக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அது இன்றும் கல்லூரியாக நடக்கிறது. ஆனால் வீடுகளில் பெட்டியின் இடம் சுருங்கிவிட்டது. பீங்கான் வந்தது, எனாமல் வந்தது, பிறகு பிளாஸ்டிக் வந்தது. வெற்றிலையைத் தெருமுனைக் கடையில் மடித்துக் கொடுக்கிறார்கள், வாங்கி மென்றுகொண்டே நடந்துவிடலாம். விருந்தினருக்காக இருந்த ஒன்று தனியாளின் பழக்கமாகிவிட்டது. உடம்புக்கும் அது கேடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே 2004-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பழையபடி வெற்றிலை போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

பகானின் பட்டறைகள் பிறகு சுற்றுலாப் பயணிகளை நம்பின. 2020-இல் கொரோனாவும் 2021-இல் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பும் வந்ததில் அந்த வரவும் வற்றியது. ஆறு மாதம் காத்திருந்து செய்யும் பொருளுக்கு வாங்குபவர் இல்லை என்றால், அடுத்த தலைமுறை ஏன் எழுத்தாணியைப் பிடிக்கும்?

உங்கள் வீட்டில் இருந்தால்

காரைக்குடி பக்கத்துப் பழைய வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் பர்மிய லேக்கர் சாமான்கள் இன்றும் கண்ணில் படும். பர்மாவில் தொழில் செய்த நகரத்தாரும், தாயகம் திரும்பிய குடும்பங்களும் கொண்டுவந்தவை. உங்கள் பரணிலும் ஒன்று இருக்கலாம். இருந்தால் சில குறிப்புகள்:

கடும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் ஏசி காற்று நேராக வீசும் இடத்திலும் வைக்காதீர்கள். அளவுக்கு மீறிக் காய்ந்தால் பூச்சு வெடிக்கும். நம் ஊரின் ஈரக்காற்று அதற்குப் பகையில்லை. தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் நாரும் பவுடரும் கூடவே கூடாது.

பெட்டியைச் சுற்றி எட்டு விலங்குகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பர்மியர்களுக்கு வாரத்தின் கிழமைக்குறிகள் எட்டு, புதன்கிழமையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, வெள்ளிக்குக் கினிப் பன்றி, சனிக்கு நாகம். புதன் காலைக்குத் தந்தம் உள்ள யானை, புதன் மாலைக்குத் தந்தம் இல்லாத யானை, அது ராகுவுக்கு உரியது. உங்கள் வீட்டுக் குழந்தைகளை அவரவர் பிறந்த கிழமையின் விலங்கைத் தேடச் சொல்லுங்கள். மூன்றாவது மாடி அம்மா தன் பெட்டியைக் காட்டச் சம்மதித்திருக்கிறார், தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

அவரிடம் என் பழைய கேள்வியைக் கேட்டேன். அத்தனை சாமானை விட்டுவிட்டு இதை ஏன் கொண்டுவந்தார்கள்? "அத்தை சொல்வாங்க, போற ஊர்ல யாரையும் தெரியாது. யாராவது வீட்டுக்கு வந்தா முன்னாடி வைக்க ஏதாவது வேணுமில்லையான்னு" என்றார்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பார்க்கிங்கும் தண்ணீர் லாரிக் கணக்கும் வாட்ஸ்அப் குழுவில் எப்படிப் போகின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பதற்குப் பதிலாக, நடுவில் ஒரு பெரிய தட்டில் சுண்டலோ வேர்க்கடலையோ வைப்போம். தீர்மானம் நிறைவேறியதும், ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். எதிர்ப்பைப் பதிவு செய்தவர் கை நீட்டாமலும் இருக்கலாம், அதுவும் பழைய மரபுதான். ஆனால் எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகு அது அவ்வளவு சுலபம் இல்லை என்று நினைக்கிறேன். தட்டுக்கு நான் பொறுப்பு. சுண்டலுக்கு யாராவது முன்வந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.